பூச் செய்யப் பழக்குகிறீர்கள், சரி. யார் வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு மூன்று நாள் 'ஜப்பானியத் துணிப்பூ' பயிற்சி நடந்ததாம், முடிவில் சான்றிதழ் கொடுத்தார்களாம். பெண்கள் சான்றிதழை நெஞ்சோடு பிடித்தபடி வரிசையில் நிற்கிறார்கள், முன்னால் மேசையில் சிவப்பும் ஊதாவுமாக றிபன் பூக்கள். வன்னியில் இந்தப் படத்தை நாங்கள் பலமுறை பார்த்துவிட்டோம். ஊர் மாறும், பின்னால் தொங்குகிற பதாகை மாறும், மேசையில் இருக்கிற பூ மட்டும் அதேதான்.

நான் விசுவமடுப் பக்கம். வீட்டில் தையல். பிளவுஸ், பாடசாலைச் சட்டை தைப்பதோடு இந்தத் துணிப்பூவும் செய்து விற்கிறேன். ஆகவே பொறாமையில் எழுதுகிறாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், உண்மையில் பக்கத்தில் இன்னும் நாலு பேர் நல்ல பூச் செய்தால் எனக்குத்தான் நிம்மதி, பெரிய ஓடர் வரும்போது தனியே விடிய விடிய இருந்து மடிக்கத் தேவையில்லை. பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பழக்குகிறவர்கள் இரண்டு விடயத்தை யோசிக்காமல் பழக்குகிறார்கள். ஒன்று, பழக்குவது அசல் ஜப்பானிய வேலையே இல்லை. மற்றது, செய்த பூவை யார், எந்த வேளைக்கு, என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று முதல் நாளும் பேசுவதில்லை, மூன்றாம் நாளும் பேசுவதில்லை.

பயிற்சியில் நடப்பது இதுதான். சட்டின் றிபனைச் சதுரமாக வெட்டுவார்கள், மடிப்பார்கள், ஓரத்தை மெழுகுதிரியில் காட்டி உருக்கி ஒட்டுவார்கள், ஐந்து இதழைச் சேர்த்து நடுவில் ஒரு முத்து வைத்து, குளூ கண் என்கிற, பசையைச் சூடாக்கி விடுகிற துவக்கால் கிளிப்பில் ஒட்டிவிடுவார்கள். முதல் நாள் மத்தியானமே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூ இருக்கும். இதைத் தெரிவு செய்வதற்கே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நெசவையோ பன்ன வேலையையோ மூன்று நாளில் மேசையில் வைத்துப் படம் எடுக்க ஏலாது.

அந்தப் பூ கடைக்குப் போனால் என்ன நடக்கிறது என்று பழக்கினவர்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் இப்படிப் பழகி, ஒரு சொப்பிங் பை நிறையக் கிளிப் செய்து, கிளிநொச்சி டவுனுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் நல்ல மனிதர்தான், இருங்கோ தங்கச்சி என்று கதிரையெல்லாம் தந்தார். பிறகு ஒரு கிளிப்பை எடுத்தார், முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே குளூ காய்ந்து ஒரு கட்டியாக நின்றது, சிலந்தி நூல் மாதிரி இழைகளும் ஓடிக் கிடந்தன. பெருவிரல் நகத்தால் அந்தக் கட்டியின் ஓரத்தை ஒருமுறை கிளப்பினார். பூ முழுதாகக் கழன்று மேசையில் விழுந்தது, கிளிப் தனியே அவர் கையில் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மேலே தொங்கிய சீனக் கிளிப் அட்டையைக் காட்டினார், ஒரு அட்டையில் ஒரு டசின். இதைவிடக் குறைத்துத் தருவீங்களோ என்று கேட்டார். அக்கா என்ன பதில் சொல்வார்? றிபனுக்குக் கொடுத்த காசே அதைவிடக் கூட.

குளூ கண் பசை பிளாஸ்ரிக் வகை. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். பங்குனி சித்திரை வெயிலில் கண்ணாடி பூட்டிய வாகனத்துக்குள் வைத்த கிளிப் எப்படி இருக்கும் என்று வன்னியில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மினுங்குகிற இரும்புக் கிளிப்பில் அது வடிவாகப் பிடிப்பதுமில்லை. கிளிப்புக்கு முதலில் துணி சுற்றித் தைத்து, அந்தத் துணியில் பூவைத் தைத்தால் போதும், கழலாது. ஊசியும் நூலும் போதும் இதற்கு. ஆனால் பயிற்சிப் பொதியில் ஊசி இருப்பதில்லை, குளூ கண் இருக்கிறது!

இனி அசல் வேலைக்கு வருகிறேன். என் மச்சாளின் மகள் ஜப்பானில் வேலை செய்கிறாள். போன முறை லீவில் வந்தபோது எனக்கு ஒரு தலைப்பூக் கொண்டு வந்து தந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும், அதற்குள் எத்தனை அடுக்கு இதழ். நான் முதலில் செய்தது அந்தக் கடைக்காரர் செய்ததுதான், திருப்பிப் பார்த்தேன். பசை கண்ணுக்கே தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் இதழுக்குள்ளால் வெளிச்சம் வருகிறது, பட்டு அவ்வளவு மெல்லியது.

இந்த வேலைக்கு அங்கே ட்சுமாமி கன்சாஷி என்று பெயர். எடோ காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடையில் வளர்ந்த கைவேலை, தோக்கியோவில் இன்றைக்கும் பாரம்பரியக் கைவினை என்று அங்கீகரித்து வைத்திருக்கிறார்கள். ஹபுதாயே என்கிற மெல்லிய வெள்ளைப் பட்டைச் சாயம் போட்டு, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டுகிறார்கள், சின்னப் பூவென்றால் இன்னும் சின்னச் சதுரம். மெழுகுதிரியே கிடையாது. பட்டை நெருப்பில் காட்டினால் சட்டின் மாதிரி உருகி ஒட்டாது, கருகிப் பொரியும். விரலால் மடிப்பதும் குறைவு, எல்லாம் சாமணத்தால்தான்.

மடிப்பு அடிப்படையில் இரண்டே இரண்டு. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம், அதை மறுபடி பாதியாக மடித்தால் சின்ன முக்கோணம். இதுவரை இரண்டுக்கும் ஒன்றுதான். இதற்குப் பிறகு இன்னும் ஒருமுறை பாதியாக மடித்தால் கூர் இதழ். மடிக்காமல், பிரிந்து கிடக்கிற இரண்டு மூலைகளையும் ஆளுக்கொரு பக்கமாக வெளிப்புறம் திருப்பி உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வட்ட இதழ், உள்ளே வெற்றிடம் விட்டுக் குவிந்து நிற்கும். பிளம் பூவென்றால் வட்ட இதழ் ஐந்து, செவ்வந்தி என்றால் அடுக்கடுக்காகப் பல. இரண்டு நிறத் துணியைச் சற்று விலத்தி ஒன்றின் மேல் ஒன்று வைத்து மடித்தால் இதழின் விளிம்பில் மற்ற நிறம் ஒரு கோடாகத் தெரியும். இவ்வளவுதான் சூத்திரம், மிச்சம் எல்லாம் கைப்பழக்கம்.

பசை அரிசிப் பசை. அதைப் பலகையில் வைத்துக் கட்டியில்லாமல் தேய்த்து, ஒரே கனத்தில் பரப்பி, மடித்த இதழ்களை அதன்மேல் வரிசையாக நிறுத்தி வைக்கிறார்கள். வெட்டு ஓரம் கீழே இருக்கிறபடியால் அது பசையைக் குடித்து மூடிக்கொள்ளும், நூல் பிரியாது. பிறகு சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து வட்ட அடியில் அடுக்குவது. பசை குறைந்தால் இதழ் விரியும், கூடினால் மேலே ஏறித் துணி கறைப்படும். நான் பச்சையரிசி மாவைக் கரைத்து, மெல்லிய சூட்டில் துழாவி, ஆறவிட்டு, தட்டை அகப்பையால் பலகையில் மசித்துச் செய்கிறேன், நன்றாகவே பிடிக்கிறது. கோடையில் பிரச்சினை இல்லை. மாரியில் பூஞ்சணம் வரும், எறும்பும் கரப்பானும் அரிசியை விடுமா. புத்தகம் கட்டுகிறவர்கள் பசைக்குள் துத்தம் போடுவார்கள், அதைக் கேள்விப்பட்டு யாரும் போட்டுவிடாதீர்கள், அது நஞ்சு, குழந்தைகளின் தலையில் குத்துகிற சாமான் இது. மாரி காலத்தில் மர வேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசை நல்லது. ஜப்பானிலேயே வீட்டில் செய்கிற கனபேர் இப்போது அதைத்தான் பாவிக்கிறார்களாம்.

துணிக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கார்மென்ற் வெட்டுத்துண்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அனேகமாக எல்லாம் இழுபடுகிற பெனியன் துணி, மடிப்பு நிற்காது, அதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு 'மூலப்பொருள் வழங்கினோம்' என்று சொல்லாதீர்கள். தையல் கடைகளில் பிளவுஸ் வெட்டி மிஞ்சுகிற துண்டு நல்லது. பழைய மெல்லிய பட்டுச் சேலை, வொயில் சேலை நல்லது. காஞ்சிபுரம் கனம், சின்ன இதழுக்குச் சரிவராது. பருத்தியென்றால் மெல்லிய கஞ்சி போட்டு அயன் பண்ணினால் போதும், கஞ்சி போடுவதை எங்கள் பெண்களுக்கு யாரும் பயிற்சி வைத்துச் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டுச் செய்தால் யார் வாங்குவது? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். இதற்கும் ஜப்பான்காரரிடமே பதில் இருக்கிறது.

மெய்ஜி காலத்தில், அதாவது 1868க்குப் பிறகு, மேல்நாட்டு உடுப்பும் தலைமுடிக் கட்டும் வந்தபோது, தினமும் கொண்டை கட்டிப் பூக் குத்துகிற வழக்கம் அங்கே தேய்ந்துவிட்டது. ஆனாலும் பூ அழியவில்லை, ஏனென்றால் அது வேளைகளோடு கட்டப்பட்டிருந்தது. நவம்பர் 15ஐ ஒட்டி மூன்று வயது, ஏழு வயதுப் பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற ஒரு கொண்டாட்டம் இருக்கிறது, கிமோனோ உடுத்தித் தலையில் இந்தப் பூவை வைத்துத்தான் கூட்டிப்போவார்கள். ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை வயது வந்தோர் நாள், அன்றைக்கும் வைப்பார்கள், கலியாணத்துக்கும் வைப்பார்கள். கியோத்தோவில் மைக்கோ என்று, ஆடல் பாடல் பழகுகிற இளம் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாதத்துக்கு ஒரு பூ. பெப்ரவரிக்கு பிளம், ஏப்ரலுக்கு செர்ரி, மே மாதம் விஸ்ரீரியா என்கிற கொத்தாகத் தொங்குகிற பூ, ஒக்ரோபருக்கு செவ்வந்தி, நவம்பருக்கு சிவந்த மேப்பிள் இலை. டிசம்பர் பூவில் சின்னச் சின்ன வெள்ளைப் பெயர்ப்பலகைகள் தொங்கும், கபுக்கி நாடகம் பார்க்கப்போய்த் தங்களுக்குப் பிடித்த நடிகரிடம் அதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்களாம். (எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது, எங்கள் பிள்ளைகளும் அதைத்தானே செய்வார்கள்.) தொழிலுக்குப் புதியவள் என்றால் முகத்தோரம் இழைஇழையாகத் தொங்குகிற பூ வைப்பாள், வருடம் போகப் போகத் தொங்கல் போய்விடும். அதாவது பூவைப் பார்த்தே என்ன மாதம், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று சொல்லலாம். அப்படிப்பட்ட பூவுக்கு ஒவ்வொரு மாதமும் ஓடர் இருக்கும்.

எங்களுக்கு வேளை இல்லையா? வன்னியில் ஒரு சாமத்திய வீட்டுக்கு என்ன செலவழிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதில் தலை அலங்காரத்துக்கு இப்போது வருவது வெளியில் இருந்து வந்த பிளாஸ்ரிக் பூச் செற், அல்லது மல்லிகை. மல்லிகை விலை முகூர்த்த நாளில் ஏறும், இந்த வெயிலுக்கு வீடியோ முடியவே வாடிவிடும். அரங்கேற்றம் இருக்கிறது, கலைவிழா இருக்கிறது, கலியாணம் இருக்கிறது, ஆடி ஆவணியில் வெளிநாட்டில் இருந்து வந்து இறங்குகிற குடும்பங்கள் இருக்கின்றன, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் இருக்கிறது. பயிற்சிகளோ பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு கிளிப் என்றே பழக்குகின்றன. பாடசாலைக்கு இந்தப் பூக் கிளிப்பைக் குத்திக்கொண்டு போனால் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள், இரட்டைப் பின்னலும் சொன்ன நிறத்தில் றிபனும்தான் சட்டம். வருடத்தில் அதிகமான நாள் போட முடியாத சாமானை, அதைப் போட முடியாத பிள்ளைக்கு விற்கச் சொல்லித்தான் பெண்களை அனுப்புகிறார்கள்.

நான் செய்வது தலைச் செற். நடு உச்சிக்கு ஒன்று, பின்னலுக்கு ஏழெட்டு, காதோரத்துக்கு ஒரு தொங்கல். இதில் தொங்கலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மே மாதத்து விஸ்ரீரியாவைச் சின்னச் சின்ன இதழாக நூலில் ஒட்டி, நுனிக்குப் போகப் போகச் சிறுத்து வருகிற மாதிரி தொங்க விடுவார்கள். அதைப் படத்தில் பார்த்த உடனே எனக்கு எங்கள் கொன்றைதான். பங்குனி கடைசியில் மாங்குளம் பக்கத்து றோட்டோரம் போனால் தெரியும், மேலே விரிந்த மஞ்சள், கீழே வரவரப் பாதி விரிந்தது, நுனியில் பச்சை மொட்டு. அதே முறைதான், துணி மட்டும் மஞ்சள். நுனிக்கு இளம்பச்சையில் இரண்டு கூர் இதழை மூடி ஒட்டினால் மொட்டு. முதலில் ஒரு சாமத்தியப் பிள்ளைக்கு அதை வைத்துவிட்டபோது அவளின் அம்மம்மா கிட்ட வந்து மணந்து பார்த்தார், பிறகு, 'துணியே பிள்ளை?' என்று கேட்டார். அந்த வீட்டில் இருந்தே இரண்டு ஓடர் வந்தது. செவ்வரத்தைக்கு வட்ட இதழ் ஐந்து, சற்றுப் பெரிய சதுரமாக வெட்ட வேண்டும். நந்தியாவட்டை கூர் இதழை ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்க வரும். வேலியில் மாரிக்குப் பூக்கிற கார்த்திகைப்பூவை இரண்டு துணி மடிப்பில் செய்யலாம், உள்ளே மஞ்சள், வெளியே சிவப்பு, ஆறு இதழையும் பின்னால் வளைத்துவிட வேண்டும். அரசியல் பேசுகிறாள் என்று யாரும் தொடங்க வேண்டாம், காட்டுப் பூவைச் சொல்கிறேன். பிளாஸ்ரிக்கில் இறக்குகிறவனுக்கு றோசாப்பூ தெரியும், எங்கள் வேலிப்பூ தெரியாது, அந்த ஒரு இடத்தில்தான் நாங்கள் அவனை வெல்ல ஏலும்.

இதை முழு விலைக்கு விற்பதும் கஷ்டம், அதையும் மறைக்கத் தேவையில்லை. ஒரு செற்றுக்கு நூற்றுக்கணக்கில் இதழ் போகும், கூலியைக் கணக்குப் பார்த்தால் வாங்குகிறவருக்கு நெஞ்சு அடைக்கும். ஆகவே நான் வாடகைக்கும் விடுகிறேன். மணப்பெண் அலங்காரம் செய்கிறவர்கள் நகைச் செற்றை வாடகைக்குக் கொடுக்கிறார்களே, அதே முறை. தண்ணி படக்கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பேன், ஆராத்தி நீர் சிந்தித் திரும்பி வந்த கதையும் உண்டு. அரிசிப் பசையில் ஒரு வசதி, நனைந்த இதழைக் கழற்றி, காயவைத்து, திரும்ப அடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்ததும் றிபன் வாங்க, கிளிப் வாங்க என்று வாரக் கடன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று உங்கள் பத்திரிகையே எழுதியிருக்கிறது. பூ விற்குதோ இல்லையோ, கிழமை தவறாமல் வாசலுக்கு ஆள் வரும். சான்றிதழைக் காட்டினால் தவணையைக் கழிப்பார்களா? நான் மேலே சொன்ன அக்கா கோழி விற்றுத்தான் கட்டி முடித்தார். அவர் வீட்டில் அந்தக் குளூ கண் இப்போது பிள்ளையின் செருப்பு ஒட்டப் பயன்படுகிறது.

பயிற்சி வைக்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முப்பது பேருக்கு மூன்று நாள் என்பதை விட்டுவிட்டு, ஆறேழு பேரை மூன்று மாதம் பழக்குங்கள், கிழமைக்கு இரண்டு பின்னேரம் போதும். ஒரே ஊரில் எல்லாருக்கும் பூவைப் பழக்காதீர்கள், எல்லாரும் பூச் செய்தால் யார் தலையில் வைப்பது. முதல் நாளே ஒரு நடன ரீச்சரையும், மணவறை அலங்காரம் செய்கிற ஒருவரையும், ஒரு கடைக்காரரையும் கூப்பிட்டு இருத்துங்கள், அவர்கள் என்ன வேண்டும், என்ன விலை தருவோம் என்று சொல்லட்டும், பிறகு சதுரம் வெட்டலாம். குளூ கண்ணுக்குக் கொடுக்கிற காசில் ஆளுக்கு ஒரு நல்ல சாமணமும் கூரான கத்தரிக்கோலும் வாங்கிக் கொடுங்கள். மடிப்பு பழக வேண்டும் என்று யாராவது கேட்டால் நானே காசில்லாமல் சொல்லித் தருகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான், ஆசிரியர் அவர்களே. அந்தப் படத்தில் நிற்கிற பெண்களின் ஊர் உங்கள் நிருபருக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து, வருகிற கொன்றை பூக்கிற நேரத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்களேன், அவரை மறுபடி அங்கே அனுப்புங்கள். எத்தனை பேர் இன்னும் பூச் செய்கிறார்கள், போன மாதம் எவ்வளவு கையில் வந்தது, கடன் இருக்கிறதா என்று கேட்டு, அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். பயிற்சி நடத்தினவர்களிடம் கேட்க வேண்டாம், அந்தப் பெண்களிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
துணிப்பூச் செய்யும் ஒரு வாசகி,
விசுவமடு.